அசல் தப்பு, போலித் தப்பு

அச்சகம் என்று ஒன்று இருந்தால் அதில் தப்பு நடக்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அவருடைய தம்பியின் பட்டம் ஏறிவிட்டால் நாம் என்ன செய்வோம்? அச்சகத்துக்காரரைத் திட்டுவோம், மேலே ஸ்டிக்கர் ஒட்டுவோம், பாக்கிப் பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை சேர்க்கிறவர்கள் செய்வது வேறு. ஸ்டிக்கர் ஒட்டாத பத்திரிகை எத்தனை வெளியே போயிற்று என்று ஒருவர் கமுக்கமாக விசாரிப்பார். ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டி, ஒட்டாதது போலச் செய்ய முடியுமா என்று இன்னொருவர் யோசிப்பார். மூன்றாவது ஆள் பூதக்கண்ணாடியோடு வந்து, “இது அச்சகம் செய்த தப்பா, நீ செய்த தப்பா?” என்று கேட்பார். இந்த மூன்று பேரில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் அந்த மூன்றாவது ஆள்தான்.

பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதைக்கு ஆட்டம் தேவையே இல்லை. ஒரு பக்கம் வீரரின் படம், மறுபக்கம் விளம்பரமோ அவர் ஆடிய கணக்கோ அச்சான சின்ன அட்டை. முதலில் சிகரெட் பெட்டிக்குள் வந்தது. பிறகு சூயிங் கம்மோடு வந்தது. கடைசியில் கம்மைத் துரத்திவிட்டு அட்டை மட்டும் தனியாக வந்தது. இதில் பிழை உள்ள அட்டைக்குத் தனிச் சந்தை உண்டு, அந்தச் சந்தைக்கு ஒரு வினோதமான சட்டமும் உண்டு. தப்பு இருந்தால் மட்டும் போதாது. கம்பெனி அதைப் பாதி வழியில் கண்டுபிடித்து, தலையில் அடித்துக்கொண்டு, திருத்தியிருக்க வேண்டும். கடைசிவரை யாரும் திருத்தாத தப்பு எல்லார் வீட்டிலும் இருக்கும், அதற்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காது. ஆக, தப்புக்கு விலை வைப்பவர் தப்பு செய்தவர் அல்ல. அதைத் திருத்திய நல்ல மனிதர்.

முதல் நல்ல மனிதர் 1909-இல் வேலை பார்த்தார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய முதலாளி ஜேம்ஸ் புக்கானன் டியூக், அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்காரர், நாட்டின் சிகரெட் வியாபாரத்தை ஏறக்குறைய முழுசாக விழுங்கியவர். பெட்டிக்குள் அட்டை வைத்தால் சிகரெட் நசுங்காது, பையன்களும் அப்பாவை அதே பிராண்டு வாங்கச் சொல்லி நச்சரிப்பார்கள். இப்படி 1909 முதல் 1911 வரை ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் வந்தன. பின்னாளில் பட்டியல் போட்டவர்கள் அந்த வரிசைக்கு டி206 என்று பெயர் வைத்தார்கள். கேட்டால் ரேஷன் கார்டு எண் மாதிரி இருக்கும். இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே ஏலக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

அதில் பிலடெல்பியா அணியின் ஷெர்ரி மகீக்கு ஓர் அட்டை. அவர் பெயரின் நாலாவது ஆங்கில எழுத்து ‘ஈ’. அச்சில் ‘ஐ’ விழுந்துவிட்டது. சீக்கிரமே திருத்தினார்கள். மகீ லேசுப்பட்ட ஆள் இல்லை. 1911-இல் ஆட்டத்தின் நடுவே நடுவரை ஒரே குத்தில் தரையில் சாய்த்தவர். அட்டைத் திருத்தம் அதற்கு முன்பே நடந்துவிட்டது, எனவே பயந்துபோய்த் திருத்தினார்கள் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

திருத்திய மகீ ஏராளம், திருத்தாத மகீ கொஞ்சம். அப்புறம் என்ன, கைவேலை தெரிந்தவர்களுக்கு யோகம். ஆங்கில ‘ஈ’யைப் பாருங்கள். நிமிர்ந்த ஒரு கோடு, அதிலிருந்து வலப்பக்கம் நீளும் மூன்று சின்னக் கோடுகள். அந்த மூன்றையும் பிளேடு நுனியால் சுரண்டினால் மிஞ்சுவது ‘ஐ’. ஒரு நிமிஷ வேலையில் சாதா அட்டை அபூர்வ அட்டையாகிவிடுகிறது. ஆனால் அச்சுக்கோர்த்தவர் ‘ஐ’க்கு விட்ட இடம் வேறு, ‘ஈ’க்கு விட்ட இடம் வேறு. சுரண்டியவனுடைய ‘ஐ’ பல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பல்லாக, ஒரு பக்கம் சந்து விட்டுக்கொண்டு நிற்கும். மையைச் சுரண்டிவிடலாம். அந்தச் சந்தை எதைக் கொண்டு அடைப்பது?

இன்னொன்று டாயில் விவகாரம். இதில் நான் நிதானமாகத்தான் போகப்போகிறேன், ஏனென்றால் கதாநாயகனே நிதானம். நியூயார்க் என்ற பெயரில் அப்போது இரண்டு பெரிய அணிகள். நேஷனல் லீகில் ஜயன்ட்ஸ், அமெரிக்கன் லீகில் ஹைலாண்டர்ஸ். பின்னாளில் யாங்கீஸ் என்று உலகமே அறிந்தது இந்த ஹைலாண்டர்ஸ்தான். ஜயன்ட்ஸில் லாரி டாயில் என்றொரு வீரர், சிரித்த முகத்துக்குப் பேர்போனவர். ஹைலாண்டர்ஸில் ஜோ டாயில் என்று பந்து வீசுபவர். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே பார்வையாளர்கள் ஒரு தூக்கம் போட்டு எழலாம் என்கிற அளவுக்கு ஆற அமர வீசுவார். அதனால் ‘ஸ்லோ ஜோ’ என்றே பெயர். ஊர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று, லீக் மட்டும் வேறு. அச்சகத்தில் இப்படி நடந்திருக்கும் என்று நான் கற்பனை செய்கிறேன்:

“அண்ணே, டாயில் நியூயார்க்கு. என்ன லீகு போட?”

“நியூயார்க்கு டாயிலுன்னா நேஷனலுதான்டா. இது ஒரு கேள்வியா?”

“ரெண்டு டாயில் இருக்காங்கண்ணே.”

“ரெண்டு டாயிலுக்கும் நேஷனலே போடு. சாப்பாட்டுக்கு நேரமாச்சு.”

ஜோ டாயிலின் படத்துக்குக் கீழே ‘டாயில், நியூயார்க், நேஷனல்’ என்று விழுந்தது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஜோ நிற்கிறார். தன் லீகை மாற்றிவிட்டார்களே என்று சரணடைந்த மாதிரியே இருக்கும். யாரோ கவனித்தார்கள். அமெரிக்கன் என்று மாற்றினார்களா என்றால் இல்லை. அது கூடுதல் வேலை. ‘நேஷனல்’ என்பதை மட்டும் தூக்கிவிட்டு ‘டாயில், நியூயார்க்’ என்று விட்டுவிட்டார்கள். லீக் என்ன என்று யாராவது கேட்டால் தானே பதில்? இந்தத் திருத்தம் எவ்வளவு வேகமாக நடந்தது என்றால், ‘நேஷனல்’ ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோ டாயில்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இன்று தெரிய வந்திருக்கின்றன. ஒன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர். வாழ்நாள் முழுக்க அவசரமே படாத ஒரு மனிதரின் பெயரில், அச்சகம் பட்ட அவசரத்துக்கு இவ்வளவு விலை.

மகீயில் கழித்தல் கணக்கு, டாயிலில் கூட்டல். சாதா ஜோ டாயில் அட்டையை எடுத்து, பழுப்பு மையில் ‘நேஷனல்’ என்று கூட்டிவிட வேண்டியதுதான். அப்படிக் கூட்டிய டாயில்கள் சந்தைக்கு வரத்தான் வந்தன. ஆனால் போலி செய்கிறவன் ஒவ்வொரு எழுத்தையும் பிள்ளைக்கு மை தீட்டுவதுபோல் தீட்டுவான். 1909-இன் அச்சகத்துக்காரனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவன் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தான். பிழை அட்டையைச் சோதிக்கிறவர்கள் கடைசியில் தேடுவது அந்த அலட்சியத்தைத்தான். அட்டையில் எங்காவது அக்கறை தெரிந்தால் மாட்டிக்கொண்டான்.

இந்த வியாதி அட்டைக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தபால்தலைக்காரர்கள் அதற்கு முன்பே படுத்தவர்கள். 1854-இல் கல்கத்தாவில் நாலணா தபால்தலையை இரண்டு நிறத்தில், இரண்டு தடவையாக அச்சடித்தபோது சில தாள்கள் திரும்பிக்கொண்டன. விக்டோரியா ராணி தலைகீழாக நின்றார். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் ராணியைத் தலைகீழாக நிற்கவைத்த பெருமை நம் நாட்டு அச்சகத்துக்கு உண்டு.

அடுத்து 1933. பாஸ்டனில் கௌடி கம் கம்பெனி. 240 அட்டை கொண்ட வரிசை என்று எண் போட்டு வெளியிட்டார்கள். பையன்கள் கம் தின்றே தாடை தேய்ந்தார்கள். 239 கிடைத்தது. 106-ஆம் எண் மட்டும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கும்? கம்பெனி அதை அச்சடிக்கவே இல்லை. இல்லாத அட்டையைத் தேடி எல்லாரும் கம் வாங்கிக்கொண்டே இருக்கட்டும் என்ற உயர்ந்த நோக்கம். வீடுகளிலிருந்து கோபக் கடிதங்கள் குவிந்ததும், 1934-இல் 106-ஐ அவசரமாக அச்சடித்து, கடிதம் போட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதில் யார் படம்? நேப் லாஜோய். மாபெரும் வீரர்தான், ஆனால் பெரிய லீகிலிருந்து ஓய்வு பெற்று ஏறத்தாழப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்ட பையன்களில் பலர் அவர் ஓய்வு பெற்றபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இந்த லாஜோய் அட்டையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கடிதத்தோடு அதைப் பேப்பர் கிளிப் போட்டு அனுப்பினார்கள். அதனால் பல அட்டைகளின் விளிம்பில் கிளிப் அழுத்திய தடம் இருக்கிறது. வேறு எந்த அட்டையிலாவது அந்தத் தடம் இருந்தால், “அய்யய்யோ, மடங்கிவிட்டதே” என்று விலையைக் குறைப்பார்கள். இதில் இருந்தால், “ஆகா, தபாலில் வந்ததாக்கும்” என்று முகம் மலரும். ஏமாற்றிய கம்பெனி செய்த ஒரே நேர்மையான காரியத்துக்கு அந்த வடுதான் சாட்சி.

யுத்தம் முடிந்து டாப்ஸ் கம்பெனியின் காலம் வந்தது. புரூக்ளின்காரர்கள். தப்பு செய்வதில் தாராளம், திருத்துவதில் சோம்பேறி. 1957-இல் ஹாங்க் ஆரனின் படத்தை நெகடிவ் திருப்பிப் போட்டு அச்சடித்தார்கள். வலக்கை ஆட்டக்காரர் இடக்கைக்காரராகி, சட்டையில் இருந்த எண்ணும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது. அந்த வருஷம் அவர்தான் லீகின் மிகச் சிறந்த வீரர், இருந்தும் யாரும் திருத்தவில்லை. 1959-இல் லூ பர்டெட் என்ற வலக்கைப் பந்துவீச்சாளர், இடக்கைக்காரரான சக வீரர் வாரன் ஸ்பானின் கையுறையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, இடக்கையால் வீசுவதுபோல் போஸ் கொடுத்தார். புகைப்படக்காரர் முதல் அச்சகம் வரை ஒருவரும் கேட்கவில்லை. போதாததற்கு அவர் பெயரையும் தப்பாகப் போட்டார்கள். 1969-இல் ஆரேலியோ ரோட்ரிகஸ் என்று பெயர் போட்ட அட்டையில் சிரிப்பவர் ரோட்ரிகஸே அல்ல. அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். இந்த மூன்றும் கடைசிவரை திருத்தப்படாதவை. நான் முதலில் சொன்ன சட்டப்படி, நாடே சிரித்த இந்தத் தப்புகளுக்குத் தனி விலை கிடையாது. ஓர் எழுத்து மாறிய மகீக்கு உண்டு. நியாயம் கேட்டு யாரும் போக முடியாது.

டாப்ஸ் திருத்திய தப்பு ஒன்று 1979-இல் வந்தது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் வீரர் பம்ப் வில்ஸ் டொரொண்டோவுக்கு மாறப்போகிறார் என்று டாப்ஸ் காதில் யாரோ ஊதினார்கள். செய்தித்தாளுக்கு முன்னால் நாம் முந்திக்கொள்வோம் என்று டொரொண்டோ பெயரையே போட்டு அச்சடித்துவிட்டார்கள். அவர் போகவில்லை. கடைசிவரை டொரொண்டோவுக்கு ஆடவே இல்லை. பிறகு ரேஞ்சர்ஸ் என்று மாற்றினார்கள். இவருடைய அப்பா மோரி வில்ஸ் பெரிய நட்சத்திரம். அவர் பெரிய நட்சத்திரமாக இருந்த காலத்தில் டாப்ஸ் அவருக்கு அட்டையே போடவில்லை, 1967-இல்தான் முதல் அட்டை. அப்பாவுக்கு அட்டை இல்லை, பிள்ளைக்கு இரண்டு.

1980-இல் நீதிமன்றம் டாப்ஸின் ஏகபோகத்துக்கு வேட்டு வைத்தது. மறுவருஷமே ஃப்ளீர், டான்ரஸ் என்ற இரண்டு கம்பெனிகள் அடித்துப் பிடித்துச் சந்தைக்குள் நுழைந்தன. அவசரத்துக்குப் பரிசாகப் பிழைகள் கொட்டின. யாங்கீஸின் கிரெய்க் நெட்டில்ஸ் பெயரில் முதல் எழுத்து ‘ஜி’. ஃப்ளீர் அட்டையின் பின்பக்கம் அதை ‘சி’ ஆக்கியது, பிறகு திருத்தியது. அந்த ‘சி’யைத் தேடி நாடு முழுக்கப் பையன்கள் பாக்கெட் கிழித்தார்கள். முப்பது வயதைத் தாண்டிய பையன்களும் கிழித்தார்கள். தப்பு செய்தால் விற்பனை ஏறுகிறது என்ற ஞானம் கம்பெனிகளுக்கு இங்கேதான் உதித்திருக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது, சந்தேகம் மட்டும்தான். ஆனால் எட்டு வருஷத்தில் அதே ஃப்ளீர் அந்தச் சந்தேகத்துக்குச் சாப்பாடு போட்டது.

பில்லி ரிப்கென். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி. அண்ணன் கால் ரிப்கென் மகா வீரர், அப்பா அதே அணியின் மேலாளர். தம்பி நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அண்ணனுக்குத் தம்பி. 1988 அந்தக் குடும்பத்துக்குச் சனி பிடித்த வருஷம். முதல் ஆறு ஆட்டத்திலும் தோற்றதும் அப்பாவை வேலையை விட்டுத் தூக்கினார்கள். தூக்கியும் பயனில்லை. அணி வரிசையாக இருபத்தோரு ஆட்டம் தோற்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் பாஸ்டன் ஃபென்வே மைதானத்தில் ஃப்ளீர் புகைப்படக்காரர் வந்து, “ஒரு போஸ்” என்கிறார். பில்லி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். மட்டையின் அடிக்குமிழ் கேமராவைப் பார்க்கிறது. குமிழில் பேனாவால் இரண்டு சொற்கள். முதலாவதை இந்தப் பத்திரிகை அச்சிடாது. இரண்டாவது, முகம்.

1989 தொடக்கத்தில் அட்டை வெளியே வந்தது, எண் 616. ஒன்பது வயதுப் பையன்கள் பாக்கெட்டைப் பிரித்து அப்பாவிடம் ஓடி, “அப்பா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்கள். அப்பாக்கள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒழுக்கத்துக்காகப் பிடுங்கியது முதல் வாரம். அதன்பிறகு விலை தெரிந்துவிட்டது, நூறு டாலரைத் தாண்டியது.

ஃப்ளீர் பதறிப்போய்த் திருத்த ஆரம்பித்தது. திருத்தம் என்றால் ஒரு தடவை செய்வார்கள் என்றுதானே நினைப்போம்? ஒரு தொகுதியில் அந்த இடம் வெள்ளையாக மறைந்தது. இன்னொன்றில் கிறுக்கல். மற்றொன்றில் குமிழையே ரம்பம் வைத்து அறுத்த மாதிரி வெட்டு. கடைசியாக, கறுப்புப் பெட்டி ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டு மூச்சு விட்டார்கள். ஒரு கெட்ட வார்த்தையை மறைக்கப் போய் ஐந்தாறு வகை அட்டை பிறந்தது. சேர்க்கிறவர்கள் எல்லா வகையும் வேண்டும் என்றார்கள். கறுப்புப் பெட்டி எங்கும் கிடைக்கும், வெள்ளை அபூர்வம். கெட்ட வார்த்தை தெரியும் அட்டையைவிடக் கெட்ட வார்த்தை தெரியாத வெள்ளை அட்டைக்கு விலை கூடிவிட்டது. ஒழுக்கம் இவ்வளவு லாபமாக அதற்கு முன்னும் பின்னும் விற்றதில்லை.

மேசை டிராயரில் ஒயிட்னர் பாட்டில் இல்லாத ஆபீஸ் அந்தக் காலத்தில் உண்டா? அசல் அட்டையை எடுத்து, குமிழில் ஒரு சொட்டு வைத்து, ஊதிக் காயவைத்தால் அபூர்வ வகை தயார் என்று ஒரு கூட்டம் இறங்கியது. இவர்களைப் பிடிப்பது சுலபம். நாலு நிற ஆஃப்செட் அச்சில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் மை விழவில்லை, தாள் தெரிகிறது, அவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அசலில் சுற்றிலும் நிறப்புள்ளிகள், நடுவில் வெறும் தாள். போலியில் புள்ளிகளின் மேலேயே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு மேடு. அட்டையை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் அந்த மேடு பல்லைக் காட்டும்.

ஆனால் அடிப்படைக் கேள்விக்கு லென்ஸ் உதவாது. அந்தச் சொற்களை எழுதியது யார்? சக வீரர்கள் விளையாட்டாக எழுதினார்கள் என்று பல வருஷம் பேச்சு. 2008-இல்தான் பில்லி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உண்மையைச் சொன்னார்: எழுதியது அவரேதான். ஆட்டத்துக்கு ஆகாத கனமான மட்டை, பயிற்சிக்கு வைத்திருந்தது, கூட்டத்தில் சட்டென்று அடையாளம் தெரியவேண்டும் என்று எழுதினாராம். பெயரின் முதலெழுத்தைப் போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும், ஆனால் 1988-இல் அவர் இருந்த மனநிலைக்கு இது பொருத்தம். கூடவே ஒரு வெடியையும் வீசினார். தான் எழுதியது அட்டையில் அவ்வளவு பளிச்சென்று விழுந்ததைப் பார்த்தால், ஃப்ளீர் எழுத்துக்கு மெருகேற்றியிருக்கும் என்று தனக்குச் சந்தேகம் என்றார். அப்படியானால், தொழிற்சாலையில் அச்சான அசல் அட்டை, நிபுணர் சான்று கொடுத்த அசல் அட்டை, அதில் இருக்கும் தப்பு மட்டும் போலியா? நிபுணர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் லென்ஸை உறையில் போட்டுவிட்டார்கள்.

பில்லி அட்டையில் இருந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் இல்லாத தப்பு ஒன்று அடுத்த வருஷமே வந்தது. மறுபடி டாப்ஸ். 1990-இன் 792 அட்டை வரிசையில் 414-ஆம் எண், ஃபிராங்க் தாமஸ். அப்போது புதுப் பையன், முந்தைய வருஷம் சிகாகோ வைட் சாக்ஸ் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் இரண்டு தடவை லீகின் சிறந்த வீரர், 521 ஹோம் ரன், 2014-இல் ஹால் ஆஃப் ஃபேம். சில அட்டைகளில் இவருடைய பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலி. முன்பக்கத்தில் பெயரே இல்லை.

என்ன நடந்தது? பெரிய தாள் ஒன்றில் 132 அட்டைகள் ஒன்றாக அச்சாகும். மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் ஒழுங்காக ஏறின. கறுப்பு ஏறும்போது ஏதோ ஒரு தடை, தாளின் ஒரு பகுதியில் மட்டும் கறுப்பு விழவில்லை. பெயர் கறுப்பில், அதனால் பெயர் போயிற்று. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அழகு. தாளில் தாமஸைச் சுற்றியிருந்த வேறு வீரர்களின் அட்டைகளிலும் அங்கங்கே கறுப்புக் கோடு அரைகுறையாக விட்டுப்போயிருந்தது. பத்துப் பைசாவுக்கும் போகாத வீரர்கள். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகு சேகரிப்பவர்கள் அந்த அட்டைகளைத் தேடிப்பிடித்து, தாளில் இருந்த வரிசைப்படி அடுக்கிப் பார்த்தார்கள். விட்டுப்போன கறுப்பெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, தடை விழுந்த இடம் முழுசாகத் தெரிந்தது. குற்றவாளி அகப்படவில்லை. அவன் நிழலின் அளவு அகப்பட்டது. தாமஸ் அட்டை அசல் என்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே சாட்சி.

இதற்கும் போலி வந்தது. ரப்பரை எடுத்துப் பெயரைத் தேய்த்தால் போயிற்று என்று நினைத்தார்கள். பெயர் போகும். கூடவே அந்த இடத்தின் பளபளப்பும் போகும், சாய்த்துப் பார்த்தால் மங்கல் திட்டு. தவிர, அசலில் பெயர் மட்டும் போகவில்லை, அந்தப் பக்கத்துக் கறுப்பு மெல்லிய கோடும் அங்கங்கே அறுந்து போயிருக்கும். போலிக்காரர் பெயரை மட்டும் அழித்துவிட்டுக் கோட்டைக் கச்சிதமாகக் காப்பாற்றி வைத்திருப்பார். திருடப் போன வீட்டில் கதவைச் சாத்திவிட்டு வருகிற சுபாவம்.

தப்புக்கு விலை என்று ஊர் அறிந்தபிறகு குடிசைத் தொழிலே தொடங்கிவிட்டது. அட்டையை ஜன்னலோரம் சில மாதம் வெயிலில் போட்டால் மஞ்சளும் சிவப்பும் வெளிறும், நீலம் நிற்கும். “இரண்டு நிறம் விடுபட்ட அபூர்வ அட்டை” என்று விற்கலாம். சூரிய பகவானே பங்காளி. அட்டையின் பின்புறத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் பின்பக்கம் வெறுமை. “அச்சாகாத முதுகு” என்று விற்கலாம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்து, “என்னய்யா, இவ்வளவு மெலிசா இருக்கு?” என்று யாரும் கேட்காத வரையில். இன்னொருவர் முதுகை ஒட்டி, ‘முதுகு மாறிய’ அட்டையும் தயாரிக்கலாம். வெட்டாத முழுத்தாள்களைக் கம்பெனிகளே விற்றிருக்கின்றன. அதை வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, வேண்டுமென்றே கோணலாக வெட்டினால் “இயந்திரம் தவறவிட்ட வெட்டு”. இது அசல் தாள், அசல் மை, அசல் அச்சு. கத்திரிக்கோல் மட்டும்தான் போலி.

இந்தக் கூத்தையெல்லாம் அடக்க, 1991 வாக்கில் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்கள் கிளம்பின. அட்டையை ஆராய்ந்து, மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, லேபிள் ஒட்டித் தருவார்கள். இனிக் கவலையில்லை என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். ஆரம்பத்திலேயே டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று அப்படிப் பெட்டிக்குள் போயிற்று. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கியது. விளிம்பெல்லாம் கத்தி மாதிரி, எட்டு மதிப்பெண், உலகின் புகழ்பெற்ற அட்டை. 2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் மோசடி வழக்கில் ஒப்புக்கொண்டார்: விளிம்பு கத்தி மாதிரி இருந்ததற்குக் காரணம் கத்திதான். அவரே ஓரத்தை நறுக்கியிருந்தார். சிறைக்கும் போனார். போலிக்காரர்கள் இன்னும் ஒரு படி ஏறி, பிளாஸ்டிக் பெட்டியையும் லேபிளையும் சேர்த்தே போலி செய்தார்கள். அசலா என்று பார்க்க அட்டை, அதற்குச் சாட்சியாகப் பெட்டி, அந்தப் பெட்டி அசலா என்று பார்க்க இன்னொரு ஆள்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2007-இல் டாப்ஸ் வெளியிட்ட டெரிக் ஜீட்டர் அட்டையில் பின்னணியைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். வீரர்கள் உட்காரும் கூடாரத்தில் பழைய நட்சத்திரம் மிக்கி மாண்டில் நிற்கிறார். அவர் காலமானது 1995-இல். பார்வையாளர் வரிசையிலிருந்து ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையசைக்கிறார். கம்பெனிக்குள்ளேயே யாரோ செய்த குறும்பு என்று டாப்ஸ் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட குரலில் வருத்தம் அதிகம் இல்லை. பாக்கெட்டுகள் பறந்தன. அதன்பிறகு ஒரே வீரருக்கு வேறு படம் போட்ட அட்டைகளைக் குறைந்த எண்ணிக்கையில் கம்பெனிகளே திட்டமிட்டுக் கலந்துவிட ஆரம்பித்தன. பட்ஜெட் போட்டு, தேதி குறித்து, மீட்டிங் வைத்துச் செய்யும் மாறுதல். சாப்பாட்டு நேரத்தில் டாயிலுக்கு லீக் மாற்றிய அந்த மனிதர் பார்த்தால் காறித் துப்புவார்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் மனசுக்கு நெருக்கமானது, ஜீட்டருக்கு ஒரு வருஷம் முந்திய அலெக்ஸ் கோர்டன் அட்டை. 2006-இல் வீரர் சங்கம் புதிதாக ஒரு விதி போட்டது: பெரிய லீகில் இடம் பிடிக்காதவருக்குப் புதுமுக அட்டை போடக் கூடாது. கோர்டன் அப்போது அந்தப் படியில் ஏறவில்லை, ஏறியது 2007-இல். ஆனால் டாப்ஸ் அவருக்கு 297-ஆம் எண்ணில் அட்டை அச்சடித்துவிட்டது. கடைசி நேரத்தில் ஞானோதயம். தாளிலிருந்து அவரை நீக்கவேண்டும். எப்படி நீக்குவது? சில அட்டைகளில் நடுவே இருந்த கோர்டனைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். சட்டகம் மட்டும் மிஞ்சியது. அதுவும் கைதவறிப் பாக்கெட்டுக்குள் போய்க் கடைக்கு வந்தது. வெட்டாத முழு கோர்டன்கள் சிலவும் தப்பித்து வந்தன, அவற்றுக்கு நல்ல விலை. ஆனால் நடுவில் ஒன்றுமே இல்லாத அந்த ஓட்டை அட்டையையும் ஆட்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். “இந்த ஓட்டை கம்பெனி போட்டதா, நீங்க போட்டதா?”